7 மாதக் கடுவன், நீள முடி, ‘மெய்ன் கூன் கலப்பு’ என்றார்கள். என்ன எதிர்பார்க்கலாம்?

மேகத்தின்_ஆள் (இழை தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பத்து நாளைக்கு முன் பூனைக் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு கடுவனைத் தத்தெடுத்து வந்தேன். பெயர் மேகம். சாம்பலில் கருவரி, வெள்ளை மார்பு, கழுத்தைச் சுற்றிப் பிடரி போல முடி. வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்தால் பின்னால் ஒரு சாமரம் வருவது போல இருக்கிறது. கால்விரல்களுக்கு நடுவிலும் முடி. வயது ஏறக்குறைய 7 மாதம், எடை 4.2 கிலோ, கருத்தடை முடிந்துவிட்டது.

குட்டியாகத் தெருவில் தனியாகக் கிடைத்தவன். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. ஆனால் காப்பகத்து அட்டையில் ‘மெய்ன் கூன் கலப்பு’ என்று எழுதியிருந்தது. மெய்ன் கூன் என்பது பெரிய உருவமும் நீள முடியும் உள்ள ஒரு பூனை இனமாம். இதுவரை நான் வளர்த்ததெல்லாம் குட்டை முடிப் பூனைகள்தான். இவ்வளவு முடியும் இவ்வளவு பெரிய பாதமும் உள்ள ஒருவன் வீட்டுக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

எவ்வளவு பெரிதாவான்? குணம் எப்படி அமையும்? முடியை என்ன செய்வது? இந்த இனத்துக்கு இதய நோய் வரும் என்று படித்ததிலிருந்து சரியாகத் தூக்கம் வரவில்லை. அது இவனுக்கும் பொருந்துமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றுபூனை_வள்ளி

படத்தைப் பார்த்தேன். மெய்ன் கூனேதான்! நெற்றியில் ‘எம்’ எழுத்து அவ்வளவு தெளிவாக இருக்கிறது. காது நுனியில் குஞ்சம் வேறு. 10 கிலோ வருவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள் தம்பி.

சீப்பும்_கையும்

வள்ளி அக்கா, அந்த ‘எம்’ மெய்ன் கூனுக்கு மட்டும் உரியதல்ல. வரிப்பூனை எதை எடுத்தாலும் நெற்றியில் அது இருக்கும், தெருவில் திரிகிற குட்டை முடிப் பூனைக்கும் இருக்கும். காதுக் குஞ்சமும் அப்படித்தான். பதினோரு வருடமாகப் பூனைகளுக்கு முடி சீவிப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். ‘மெய்ன் கூன் கலப்பு’ என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை நீள முடி உள்ள சாதாரண வீட்டுப் பூனைகள். அதனால் அவற்றின் அழகு ஒரு இம்மியும் குறையாது.

காரணம் சொல்கிறேன். முடி நீளத்தைத் தீர்மானிப்பது எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு. அதில் ஒரு மாற்றம் வந்தால் முடி வளர்வதை நிறுத்தும் கட்டளை சரியாகப் போகாது, முடி நீண்டுகொண்டே போகும். இந்தக் குணம் ஒடுங்கி நிற்கும் வகை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே தாயும் தகப்பனும் குட்டை முடியாகவே இருந்து, இரண்டும் ஒவ்வொரு பிரதியை மறைவாகச் சுமந்தால், ஒரே ஈற்றில் மூன்று குட்டை முடிக் குட்டிகளும் ஒரு புசுபுசுக் குட்டியும் பிறக்கலாம். அதற்கு இனப்பூனை யாரும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இனம் இனமாகப் பூனை வளர்ப்பதே மிக அண்மைக்காலத்து வழக்கம். ஹாரிசன் வெய்ர் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடத்தியது 1871இல். பல இனங்கள் அதற்குப் பிறகுதான் எழுதி வகுக்கப்பட்டன. மெய்ன் கூனே அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் பண்ணைகளில் எலி பிடித்துக்கொண்டிருந்த பூனைகளிலிருந்து உருவானதுதான். சாதாரணப் பூனைகளிலிருந்து இனங்களைப் பிரித்தெடுத்தார்கள். நாம் தலைகீழாக, அழகான பூனையைக் கண்டால் அதற்குள் ஒரு இனம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வெண்பாதம்

அப்படியானால் மரபணுச் சோதனை செய்து பார்த்துவிடலாமே? கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் போதும். நான் என் பெட்டைக்குச் செய்தேன்.

சீப்பும்_கையும்

செய்யலாம். ஆனால் நாய்க்குக் கிடைப்பது போன்ற ‘பாதி இது, கால்வாசி அது’ என்ற தெளிவை எதிர்பார்க்காதீர்கள். கலப்பு நாய்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு இன நாய் இருக்கும். பூனைகளில் பெரும்பான்மைக்கு முன்னோரில் இனப்பூனையே இருக்காது. அப்போது சோதனை சொல்வது ‘உங்கள் பூனை எந்தப் பகுதிப் பூனைக்கூட்டத்துக்கு நெருக்கம், எந்த இனத்தின் சாயல் கொஞ்சம் தெரிகிறது’ என்ற அளவில்தான். சாயல் வேறு, வம்சம் வேறு.

வெண்பாதம்

ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வந்த முடிவிலும் இனம் பற்றிய பக்கத்தைவிட, நோய் மரபணுக்கள் பற்றிய பக்கம்தான் உருப்படியாக இருந்தது. ரத்தப் பிரிவும் தெரிந்தது. பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று மூன்று பிரிவு. பிரிவு மாற்றி ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் அந்தத் தாளை ஒரு நகல் கொடுத்து வைத்திருக்கிறேன்.

மேகத்தின்_ஆள்

சரி, இனத்தை ஒதுக்கி வைக்கிறேன். அட்டையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். பாதம் பெரிதாக இருந்தால் பூனை பெரிதாகும் என்பது உண்மையா? 4.2 கிலோ என்பது 7 மாதத்துக்கு அதிகமா, இயல்பா?

ஜன்னலோரம்

என்னுடையவன் அப்படியே உங்கள் மேகத்தின் மறுபதிப்பு. அவன் எடையை மாதா மாதம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன், அதிலிருந்து சொல்கிறேன். 4 மாதத்தில் 2.3 கிலோ. 7 மாதத்தில் 4.1. ஒரு வயதில் 5.4. ஒன்றரை வயதில் 6. அப்புறம் நின்றுவிட்டது. இன்று அவனுக்கு வயது 6, எடை 6.1. நீளமும் எலும்பும் ஒரு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. மார்பு அகன்றதும் பிடரி நிறைந்ததும் அதற்கப்புறம்தான்.

சாதாரண வீட்டுப் பூனை 4 முதல் 5 கிலோ. சுத்தமான மெய்ன் கூன் கடுவன் பொதுவாக 6 முதல் 8 கிலோ, சில அதற்கு மேலும் போகும். அது முழு உருவம் அடைய 3 முதல் 5 வயதுகூட ஆகும். ஆகவே உங்கள் மேகம் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் எங்கோ நிற்பான் என்று என் கணிப்பு. 10 கிலோ கனவு வேண்டாம், வள்ளி அக்கா மன்னிக்க வேண்டும். பாதத்தை வைத்துக் கணிப்பதைவிட மாதம் ஒரு முறை எடை பார்ப்பது மேல். நீங்கள் முதலில் தராசில் நின்று, பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்தால் போதும்.

முக்கியமான விஷயம், கண்ணை நம்பாதீர்கள். முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். என்னுடையவன் ஒரு முறை பல்வலியால் சரியாகச் சாப்பிடாமல் 700 கிராம் குறைந்திருந்தான். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, அதே கரடிக்குட்டி. கையால் விலாவைத் தடவியபோதுதான் முதுகெலும்பு மணிமணியாகத் தட்டுப்பட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. ‘முடிதான், குண்டு இல்லை’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு பூனையை 8 கிலோவாக்கிய வீடுகளை எனக்குத் தெரியும். விரலை மெல்ல அழுத்தினால் விலா எலும்பு எண்ண வரவேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வாரம் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

மூன்றுபூனை_வள்ளி

மன்னித்தேன், மன்னித்தேன். 10 கிலோ என்றது ஆசையில் சொன்னது. நோட்டு எழுதும் யோசனை நன்றாக இருக்கிறது, நானும் தொடங்குகிறேன்.

சீப்பும்_கையும்

இப்போது முடிக்கு வருகிறேன். மேகத்துக்கு 7 மாதம் என்கிறீர்கள். இதுதான் சிக்கலான வயது. குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வரும் பருவம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும்போது சடை விழுவது போல வேறெப்போதும் விழாது. போன மாதம் வரை சும்மா இருந்த முடி திடீரென்று ஒரே வாரத்தில் கட்டிக்கொள்ளும். அதோடு, கருத்தடை செய்த பூனைகளில் பலவற்றுக்கு முடி பஞ்சு போல மென்மையாகிவிடும். பார்க்க அழகு, சீவுகிறவருக்குச் சோதனை.

பூனை முடியில் மேலே நீளமாக வழுக்கிக்கொண்டு தெரிவது காப்பு முடி. அடியில் பஞ்சாக இருப்பது உள்முடி. உதிர்வது பெரும்பாலும் உள்முடிதான். ஆனால் அது கீழே விழாமல் மேல்முடியில் மாட்டிக்கொண்டு நிற்கும். உரசல் உள்ள இடத்தில் அது திரிந்து சடையாகும். அக்குள், காதுக்குப் பின்புறம், தொடையிடுக்கு, பின்தொடையின் கால்சட்டை போன்ற முடி, கழுத்துப்பட்டை அணிந்தால் பட்டைக்கு அடி. இந்த ஐந்து இடத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதுகு பளபளவென்று இருக்கும், அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி இருக்கும். என்னிடம் வருகிற பத்தில் எட்டுப் பூனை அப்படித்தான்.

மென்மையான பிரஷ் மேல்முடியைத் தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான். பூனைக்குப் பிடிக்கும், உங்களுக்கும் வேலை செய்த திருப்தி கிடைக்கும், அடியில் ஒன்றும் நடந்திருக்காது. வேண்டியது உலோகச் சீப்பு. ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல் உள்ளதாக வாங்குங்கள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரிகிற வரை போய், வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள். சீப்பு தடையில்லாமல் தோல் வரை போய்த் திரும்பினால் அந்த இடம் முடிந்தது. தினம் மூன்று நிமிடம் போதும், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிடித்து உட்கார்த்தி வைத்துச் சீவுவதைவிட இது எவ்வளவோ மேல். அரை மணி நேரம் எந்தப் பூனையும் பொறுக்காது, பொறுக்காமல் போனதை மறக்கவும் மறக்காது.

சடை விழுந்துவிட்டால்: குளிப்பாட்டாதீர்கள், தண்ணீர் பட்டால் சடை இன்னும் இறுகும். கொஞ்சம் சோளமாவு தூவி, சடைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலேயே பிரியுங்கள். பிரியவில்லையா, மின்மழிப்பான் வைத்திருக்கிறவரிடம் போங்கள். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். பூனைத்தோல் காகிதம் போல மெலிது. சடையை இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பி வரும். எது முடி, எது தோல் என்று உங்களுக்குத் தெரியாது.

கருவிழி

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை சிங்க வெட்டு (தலையையும் வால் நுனியையும் விட்டு உடம்பு முடியை மழிப்பது) வெட்டிவிட்டால் இந்தப் பாடே இல்லை. என்னுடையவள் மழித்த அன்று குட்டி மாதிரித் துள்ளுகிறாள்.

சீப்பும்_கையும்

வயதான பூனை, மூட்டுவலியால் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாத பூனை, சடை உடம்பெல்லாம் கட்டிப்போன பூனை, இவற்றுக்கு மழிப்பது கருணைதான். நானே செய்கிறேன். ஆனால் இளம் பூனைக்கு அதை வழக்கமாக்க எனக்கு மனமில்லை. முடி என்பது பூனைக்குத் தோலின் காவல். வெயிலையும் கீறலையும் அதுதான் முதலில் வாங்குகிறது. மழித்த பின் சிலவற்றுக்கு முடி பழைய மாதிரி வராமல் திட்டுத்திட்டாக வரும். ராக்டால், பெர்மன் இனங்களைப் போல முகமும் வாலும் மட்டும் கருத்திருக்கும் பூனை என்றால் மழித்த இடத்தில் முடி கருமையாக முளைக்கும். அவற்றின் நிறமி குளிர்ச்சியான தோலில் அதிகம் சுரப்பதால் அப்படி. உங்களுடையவள் துள்ளுகிறாள் என்றால் அடியில் சடை தோலை இழுத்து வலித்துக்கொண்டிருந்ததோ என்று ஒரு முறை பாருங்கள். குறை சொல்வதற்காக இல்லை.

கருவிழி

இருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை. அடுத்த முறை மழிப்பதற்கு முன் அக்குளைப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியையும் பின்தொடையின் உட்புற முடியையும் குட்டையாக வெட்டிவிடச் சொல்லுங்கள். நீள முடிப் பூனைக்கு மலம் கொஞ்சம் இளகினால் போதும், எல்லாம் முடியில்தான்.

சாம்பல்வால்

இதய நோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

என் பூனை எந்த இனமும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் பிறந்த கலப்புக் கடுவன், பெரிய உருவம், நீள முடி, 6.4 கிலோ. ஐந்து வயது வரை ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை. ஒரு நாள் அதிகாலையில் அவன் கத்திய கத்தல் இன்றும் காதில் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறான். பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. தொட்டால் ஐஸ் போலக் குளிர்ச்சி, பாதத்தின் மெத்தை வெளிறிப்போயிருந்தது. இதயத்தில் கட்டிய ரத்தக்கட்டி ஒன்று கிளம்பி, பெருந்தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில் போய் அடைத்துக்கொண்டது என்றார் மருத்துவர். அடியில் இருந்தது இதயத்தசை தடிக்கும் நோய். எங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்று மாலை அவனை வலியில்லாமல் அனுப்பிவைத்தோம்.

பயமுறுத்த எழுதவில்லை. ‘மெய்ன் கூன் என்றால் இதய நோய், கலப்பு என்றால் தப்பித்தோம்’ என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு உங்களுக்கு வேண்டாம். முதல் தடவை சோதனைக்குப் போகும்போதே ‘இதயத்தைக் கொஞ்சம் நேரம் எடுத்துக் கேளுங்கள்’ என்று சொல்லுங்கள்.

ஜன்னலோரம்

படித்துவிட்டு என்னுடையவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எழுதியதற்கு நன்றி, சாம்பல்வால்.

உதவியாளர்_நிலா

கால்நடை மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். சாம்பல்வால் சொன்னது முழு உண்மை. நான் பார்த்த அப்படிப்பட்ட பூனைகளில் பாதிக்கு மேல் இனமற்ற வீட்டுப் பூனைகள்தான்.

இதயத்தசை தடிப்பு நோய் பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிகப் பரவலானது. மொத்தப் பூனைகளையும் எடுத்தால் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இருக்கலாம். அவற்றில் பல கடைசி வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடும். இனப்பூனைகளில் மெய்ன் கூனுக்கான மரபணு மாற்றம் 2005இலும், ராக்டாலுக்கானது 2007இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுக்குச் சோதனை உண்டு. ஆனால் அந்தச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் அந்த ஒரு மாற்றம் இல்லை என்றுதான் பொருள், நோய் வராது என்று பொருள் இல்லை. கலப்புப் பூனைக்கு இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவர் காதில் கேட்கும் முணுமுணுப்பு ஒலியும் அப்படித்தான். ஒலி இருந்தும் இதயம் நன்றாக இருக்கும் பூனைகள் ஏராளம், ஒலியே இல்லாமல் நோய் இருக்கும் பூனைகளும் உண்டு. உறுதியாகச் சொல்வது எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் சோதனை மட்டும்தான். இதயம் படும் சிரமத்தைக் காட்டும் ரத்தச் சோதனை ஒன்றும் இருக்கிறது, எக்கோவுக்கு வழி இல்லாத இடத்தில் அது உதவும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. 30க்குக் கீழே இருக்க வேண்டும். கனவில் மீசை துடிக்கும்போது எண்ணாதீர்கள். இரண்டு மூன்று நாள் எண்ணி, இவனுக்கு இயல்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை போதும். தொடர்ந்து 30ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

முகம் தட்டையாக இருந்தால் பெர்சியன் கலந்திருக்கலாம். அப்போது சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோயைப் பற்றிக் கேட்க வேண்டும். அது ஒரு பிரதி மரபணு போதும் வெளிப்படுவதற்கு. மேகத்தின் மூக்கு நீளமாகத்தான் இருக்கிறது, படத்தில் பார்த்தேன்.

கடுவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மணல் தட்டில் அடிக்கடி போய்க் குந்திச் சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அடைப்பு. நாளை பார்ப்போம் என்று விடக்கூடாத விஷயம்.

தூரத்து_வாசகன்

முடியுருண்டை பற்றி யாரும் சொல்லவில்லையே?

உதவியாளர்_நிலா

எப்போதாவது ஒன்று கக்கினால் பரவாயில்லை. அடிக்கடி என்றால் ‘நீள முடிதானே’ என்று விடாமல் காட்டுங்கள், குடலிலோ தோலிலோ வேறு கோளாறு இருக்கலாம். கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி ‘ஹக் ஹக்’ என்று ஒலி எழுப்பி, வெளியே ஒன்றும் வராமல் முடிந்தால் அது பெரும்பாலும் இருமல். ஆஸ்துமாவாக இருக்கலாம். ஒரு தடவை படம்பிடித்துக் காட்டினால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

மேகத்தின்_ஆள்

ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படித்தேன். சாம்பல்வால், உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்றிரவே மூச்சு எண்ணினேன். 22. அடுத்த நாள் 20. மனம் கொஞ்சம் அடங்கியது. உலோகச் சீப்பும் வாங்கியாகிவிட்டது.

குணம் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். ‘மென்மையான ராட்சதன்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. இவன் திரைச்சீலையில் ஏறுகிறான்.

ஜன்னலோரம்

7 மாதத்தில் எல்லாரும் ஏறுவார்கள்! அந்தப் பட்டம் இனப்பூனைக்கே எல்லா நேரமும் பொருந்தாது, கலப்புக்கு எப்படி? குட்டியின் 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பழகியதா இல்லையா என்பது பிற்காலக் குணத்தை நிறையவே தீர்மானிக்கிறது. தகப்பனின் துணிச்சலும் குட்டிக்கு வரும். தகப்பனைக் குட்டி பார்த்தே இருக்காது, ஆனாலும் வரும். மேகத்தின் அந்த நாட்கள் உங்களுக்குத் தெரியாது. அதனால் இப்போது கண்முன் இருக்கிற மேகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்னுடையவன் மடியில் ஏறமாட்டான், ஆனால் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து இரண்டடி தள்ளி உட்காருவான். முதல் வருடம் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. இப்போது அந்த இரண்டடி இல்லாவிட்டால் எழுந்து தேடுகிறேன்.

திரைச்சீலைக்குப் பதில் அவன் முழு உடம்பையும் நீட்டி நிற்கும் உயரத்தில் கீறுகம்பம் வையுங்கள், 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடித்தட்டு கனமாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஆடிச் சாய்ந்தால் அப்புறம் கிட்டவே போகமாட்டான். மணல் தட்டும் அப்படித்தான், மூக்கிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்தில் ஒன்றரை மடங்கு வேண்டும். கடைத் தட்டுகள் இவனுக்குச் சின்னது. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி மூடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மேகத்தின்_ஆள் (3 வாரம் கழித்து)

தப்பு நடந்துவிட்டது. சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நான் வெளியூர் போன நான்கு நாளில் இடது அக்குளில் சடை விழுந்திருக்கிறது. வீட்டில் ஒருவர் அவனுக்கு உதவுவதாக நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். தோலில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு, நான்கு தையல். மேகம் ஒரு சத்தமும் போடவில்லையாம். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. அவர் அழுதது இன்னொரு பக்கம்.

சீப்பும்_கையும்

அவரைத் திட்டாதீர்கள். என்னிடம் வரும் வெட்டுக் காயம் எல்லாமே அன்பால் வந்த காயம்தான். தையல் பிரித்த பிறகு சீவலைப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் சீப்பைப் பக்கத்தில் வைத்துத் தின்பண்டம் மட்டும் கொடுங்கள். அடுத்த வாரம் கன்னத்தில் இரண்டு இழுப்பு. அக்குளுக்கு ஒரு மாதம் கழித்துத்தான். வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள், முக்கியமாகக் கத்தரிக்கோல் எடுத்தவருக்கு. அவர்தான் இனி மிகக் கவனமாகச் சீவுவார்.

மேகத்தின்_ஆள் (11 மாதம் கழித்து)

பழைய இழையை மேலே கொண்டு வருகிறேன். மேகத்துக்கு இப்போது ஒன்றரை வயது, 5.9 கிலோ. ஜன்னலோரத்தின் கணிப்பு அப்படியே பலித்தது. விலா எலும்பு விரலுக்கு எண்ண வருகிறது.

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் மெல்லிய முணுமுணுப்பு கேட்கிறது என்றார். என் கால் நடுங்கியது. எக்கோவுக்கு நாள் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது இரவும் மூச்சு எண்ணினேன், ஒன்றுகூட 24ஐத் தாண்டவில்லை. எக்கோவில் இதயச் சுவர் இயல்பான தடிமன், இடது மேலறை பெருக்கவில்லை. படபடப்பில் வரும் ஒலியாக இருக்கலாம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்கள்.

சீவுவது இப்போது யார் தெரியுமா? கத்தரிக்கோல் எடுத்த அதே ஆள்தான். தினமும் இரவு ஒன்பது மணிக்கு இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டால் மேகம் வந்து வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்கிறான். இடது அக்குளை மட்டும் இன்னும் கடைசியாகத்தான் தருவான்.

சாம்பல்வால்

எக்கோ முடிவைப் படித்ததும் மனம் நிறைந்தது. அடுத்த வருடமும் விடாமல் போய் வாருங்கள்.

மூன்றுபூனை_வள்ளி

5.9! நோட்டில் குறித்துக்கொண்டேன். தம்பி, மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோகிறீர்கள்? என் பெரியவன் கூடைக்குள் போகவே மறுக்கிறான். நான்கு காலையும் வாசலில் ஊன்றிக்கொள்கிறான்.

மேகத்தின்_ஆள்

வள்ளி அக்கா, மேல்பக்கமும் திறக்கிற கூடையாக வாங்குங்கள். மேலிருந்து இறக்கிவிட்டால் ஊன்ற இடம் இருக்காது. அவன் உள்ளே எழுந்து நின்று திரும்பும் அளவு வேண்டும், சின்ன நாய்க்கு உள்ளதைக் கேளுங்கள். எங்களுடையது வருடம் முழுக்கக் கூடத்து மூலையில் திறந்தே கிடக்கிறது. உள்ளே அவனுடைய பழைய போர்வை. இதை எழுதும்போதுகூட அதற்குள்தான் தூங்குகிறான், வால் மட்டும் வெளியே.